கம்பத்துக்குக் கூலியா, காற்றுக்குக் கூலியா?

"எல்லாம் காலத்தின் கோலம்! வெயில் கூடுவதும் மழை பொய்ப்பதும் மனிதன் கையிலா இருக்கிறது?" என்று பெருமூச்சு விடுவோர் ஒரு புறம். "அறிவியலார் எதையேனும் கண்டுபிடித்து விடுவர், அதுவரை நமக்கென்ன கவலை?" என்று கால்மேல் கால் போட்டு அமர்ந்திருப்போர் மறுபுறம். முன்னவர் விதியை நம்புகின்றனர். பின்னவர் வித்தையை நம்புகின்றனர். இருவருமே நம்ப மறுப்பது ஒன்று உண்டு. அதுதான் சட்டம்! மக்கள் கூடிப் பேசி, எழுதி, பிழை கண்டால் திருத்தி, நடைமுறைக்குக் கொண்டு வரும் சட்டம். அந்தச் சட்டத்தின் பக்கம் நின்று வாதாடும் ஆங்கில ஏடு ஒன்றினைப் படித்தோம். படித்ததில் பாதியைப் போற்றத் தோன்றிற்று. மீதியோடு வழக்காடத் தோன்றிற்று. இரண்டையும் தோழர்கள் முன் வைக்கின்றோம்.

ஹால் ஹார்வி எனும் அமெரிக்கர், ராபி ஆர்விஸ், ஜெஃப்ரி ரிஸ்மன் என்னும் இருவரின் துணையோடு எழுதி, 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் அது. 'டிசைனிங் கிளைமேட் சொல்யூஷன்ஸ்' என்பது பெயர். தட்பவெப்பச் சிக்கலுக்குத் தீர்வு வகுப்பது எப்படி என்பது பொருள். நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வாழும் பொருளாதாரத்தைக் கரிப்புகை குறைந்த பொருளாதாரமாக மாற்ற, அரசுகள் எத்தகைய சட்டங்களை, எந்த அளவில், எந்த ஒழுங்கில் இயற்றிட வேண்டும் என்பதே அதன் ஆராய்ச்சி.

கரியமிலவாயு கூடினால் புவியின் வெப்பம் கூடும் என்பது நேற்று முளைத்த கருத்தன்று. சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரேனியஸ் 1896-லேயே கணக்கிட்டுக் காட்டினார். தொழிற்புரட்சிக்கு முன்னர், காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த அவ்வாயு, இன்று 420-ஐத் தாண்டி நிற்கிறது. இதையே மறுப்போரிடம் வாதாடி நூலாசிரியர் நேரத்தை வீணாக்கவில்லை. நாமும் வீணாக்கப் போவதில்லை.

நூலின் பெருஞ்சிறப்பு என்னவெனில், 'விலை' என்னும் தெய்வத்தைப் பீடத்திலிருந்து இறக்கி வைத்தது! "கதிரவன் ஒளியிலிருந்து மின்சாரமா? கட்டுப்படியாகாதே!" என்று நெடுங்காலம் ஓதி வந்தனர் பொருளாதாரப் பண்டிதர்கள். ஒளியை மின்சாரமாக்கும் சிலிக்கன் வில்லை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1954-லேயே பிறந்து விட்டது. பிறந்த குழந்தை அரை நூற்றாண்டு காலம் விண்வெளிக் கலங்களிலும் கைக்கணக்குப் பொறிகளிலும் ஒட்டிக்கொண்டு கிடந்ததே, ஏன்? விலை மிகுதி என்றனர். விலை ஏன் மிகுதி? வாங்குவோர் இல்லை. வாங்குவோர் ஏன் இல்லை? விலை மிகுதி! செக்குமாட்டுச் சுற்று! அந்தச் சுற்றினை அறுத்தது எது? மந்திரமா? மாமேதை ஒருவரின் கனவா? இல்லை. ஜெர்மனி நாட்டு நாடாளுமன்றம் 2000-ஆம் ஆண்டு நிறைவேற்றிய ஒரு சட்டம்!

கதிரொளியாலும் காற்றாலும் மின்சாரம் எடுத்துத் தருவோர் எவராயினும், அவரிடம் இருபது ஆண்டுகளுக்கு உறுதியான விலைக்கு வாங்கியே தீர வேண்டும் என்றது அச்சட்டம். புதிதாக வருவோர்க்கு ஆண்டுதோறும் அவ்விலையைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்தும் வந்தது. உழவர் தம் கொட்டகைக் கூரையில் தகடு பதித்தனர், ஊர்க் கூட்டுறவுகள் முளைத்தன, தேவை பெருகியது, சீனத்துத் தொழிற்சாலைகள் பெருக்கெடுத்தன, விலை சரிந்தது. 2010-இலிருந்து பத்தாண்டுகளில் தகட்டின் விலை ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு வீழ்ந்தது. நம் நாட்டில், 2010-இல் ஏலத்தில் யூனிட்டுக்கு 12 ரூபாய் அளவில் நின்ற கதிரொளி மின்சாரம், 2017 மே திங்களில் இராசஸ்தானத்துப் பட்லாவில் 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. 'கட்டுப்படியாகாது' என்றவர்கள் எங்கே போயினர் என்று நாம் கேட்கவில்லை. அடுத்த 'கட்டுப்படியாகாது' எதுவென்று தேடிக்கொண்டிருப்பர்!

குளிர்பதனப் பெட்டியின் கதையும் அத்தகையதே. 1970-களின் நடுவில் அமெரிக்க வீடுகளில் இருந்த பெட்டி, ஆண்டொன்றுக்கு 1,800 யூனிட் அளவில் மின்சாரத்தை விழுங்கியது. இதற்கு மேல் விழுங்கும் பெட்டியை விற்கக் கூடாதெனக் கலிபோர்னியா மாநிலம் வரம்பு கட்டிற்று. பின்னர் 1987-இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. வரம்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இறுக்கப்பட்டது. இன்றைய பெட்டி அளவில் பெரிது. ஆயினும் 500 யூனிட்டுக்கும் கீழேதான் கேட்கிறது. வாங்குவோரிடம் சிக்கனம் பற்றிச் சொற்பொழிவு ஆற்றி வந்த பயனன்று இது. வாங்குவோருக்கே தெரியாமல், தொழிற்சாலை வாயிலிலேயே வந்து சேர்ந்த பயன். வீட்டுக்கு வீடு விளக்கை அணைக்கச் சொல்லி அறிவுரை வழங்குவதோடு கடமை முடிந்ததெனக் கருதும் நம்மூர் அமைப்புகள் இந்த ஓர் அதிகாரத்தையேனும் படித்தல் நன்று. பள்ளியில் பாடம் சொல்லும் நாமும் அவ்வறிவுரையைத்தான் ஆண்டுதோறும் கட்டுரைப் போட்டிக்குத் தலைப்பாகக் கொடுத்து வருகிறோம் என்பது வேறு செய்தி.

சட்டம் வேண்டும் என்பதோடு நூல் நிற்கவில்லை. சட்டத்தை எப்படி வகுப்பது என்பதே அதன் உயிர்நாடி. நல்ல நோக்கத்தோடு பிறந்த சட்டம், வகுத்த முறையின் பிழையால் நொண்டியாகிப் போவது எவ்வாறு என்பதை ஆசிரியர் விளக்குகிறார். நெடுங்கால உறுதி வேண்டும். தானாகவே இறுகிக்கொண்டு போகும் வரம்பு வேண்டும். ஓட்டை இருத்தல் ஆகாது. பொருளை நிறுவியதற்கன்று, பொருள் தந்த பயனுக்கே பரிசு தர வேண்டும். இவை அவர் தரும் நெறிகளுள் சில.

நெடுங்கால உறுதியின்மைக்கு அவர் நாடே சான்று. காற்று மின்சாரத்துக்கு வரிச்சலுகை தரும் சட்டம் அங்கே 1992-இல் வந்தது. வந்ததா? வந்தது. நிலைத்ததா? இல்லை! ஓராண்டு, ஈராண்டு என்று தவணை முறையில் உயிர் கொடுத்தனர். 1999-இல் செத்தது; பிழைத்தது. 2001 முடிவில் மீண்டும் செத்தது, பிழைத்தது. 2003-லும் அவ்வாறே. ஒவ்வொரு முறை சட்டம் மூச்சை நிறுத்தியபோதும் காற்றாலை நிறுவுவதும் படுத்துக்கொண்டது. 2012-இல் 13,000 மெகாவாட் அளவில் நிறுவியவர்கள், அவ்வாண்டு முடிவில் சலுகை போய்விடும் என்ற அச்சத்தால் 2013-இல் நிறுவியது 1,100 மெகாவாட் அளவே. தொழிற்சாலைகள் ஆளை எடுப்பதும் அனுப்புவதுமாக இருந்தன. 2022-இல் பெருஞ்சட்டம் ஒன்று இயற்றி, இனி நெடுங்கால உறுதி உண்டு என்றனர். 2025 சூலையில் வேறொரு சட்டம் இயற்றி அதன் காலை ஒடித்தனர். நூல் வெளிவந்த பின் நடந்த இக்கூத்து, நூலின் வாதத்துக்கே வலு.

இனி, நிறுவியதற்குப் பரிசா, பயனுக்குப் பரிசா என்னும் நெறி. இதை விளக்க அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. நாகர்கோவிலுக்குப் பேருந்தில் செல்வோர், ஆரல்வாய்மொழியைத் தாண்டுகையில் இருபுறமும் பார்த்திருப்பர். முப்பந்தல் காட்டில் வெள்ளைக் கம்பங்கள் வரிசை வரிசையாக! தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986-இல் தொடங்கிய முயற்சி, பாலக்காட்டுக் கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பரவி, தமிழ்நாட்டைக் காற்றாலையில் நாட்டுக்கே முன்னோடியாக்கியது. இன்று குஜராத் முந்திவிட்டதாயினும், 11,000 மெகாவாட்டுக்கு மேல் இங்கே நிற்கிறது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கம்பங்களை நட வைத்தது எது?

1990-களில் ஒன்றிய அரசின் வருமானவரிச் சட்டம் ஒரு வசதி செய்து கொடுத்தது. காற்றாலை வாங்கும் நிறுவனம், அதன் விலை முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானம் எனக் கணக்கில் எழுதிக் கொள்ளலாம்! ஓர் ஆலை முதலாளிக்கு ஓராண்டில் ஒரு கோடி ரூபாய் இலாபம் என்று கொள்வோம். வரி கட்ட வேண்டும். அவர் ஒரு கோடிக்குக் காற்றாலை வாங்குகிறார். இருபதாண்டு உழைக்கும் பொறி, ஏட்டுக்கணக்கில் ஒரே ஆண்டில் தேய்ந்து மறைந்து விடுகிறது. ஒரு கோடி இலாபம், ஒரு கோடி தேய்மானம், வரி சுழி! கம்பம் நட்டார், கணக்கு முடிந்தது. காற்று வீசினால் என்ன, வீசாவிட்டால் என்ன? சுழன்றால் ஊதியம், சுழலாவிடினும் வரி மிச்சம்!

ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட பொறிக்குப் பாதித் தேய்மானமே என்பது வரிச்சட்டத்தின் விதி. ஆகவே கம்பம் நடும் முகூர்த்தத்தைப் பஞ்சாங்கம் குறிக்கவில்லை. வருமானவரிக் கணக்கர் குறித்தார். செப்டம்பர் முடிவு ஒரு முகூர்த்தம். மார்ச்சு முடிவு மற்றொரு முகூர்த்தம். மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றுக்கும் அந்த நாட்குறிப்புக்கும் தொடர்பே இல்லை.

நேர்மையாக இதையும் சொல்லிவிட வேண்டும்: கம்பம் நட்டோர் அனைவரும் வரி மிச்சம் ஒன்றையே கருதினார் என்று நாம் கூறவில்லை. நூற்பாலைகள் பல, தம் ஆலைக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே எடுத்துக்கொள்ளக் காற்றாலை நிறுவின. காற்று மிகுந்த திங்களில் மின்வாரியத்தில் செலுத்தி வைத்து, காற்று ஓய்ந்த திங்களில் எடுத்துக்கொள்ளும் வசதியும் அவற்றுக்குக் கிடைத்தது. தம் மின்கட்டணம் குறைய வேண்டும் என்பதால், அவர்கள் யூனிட்டை எண்ணியே தீர வேண்டியிருந்தது. அதாவது, பயனுக்குப் பரிசு இருந்த இடத்தில் பயன் விளைந்தது! நூலின் நெறியை இது மறுக்கவில்லை, மெய்ப்பிக்கிறது.

பிழையை அரசு உணரவில்லையா? உணர்ந்தது. 2009 டிசம்பரில், உண்டாக்கும் யூனிட் ஒன்றுக்கு 50 காசு ஊக்கத்தொகை என்று வேறொரு திட்டம் வந்தது. காற்றுக்குக் கூலி! தேய்மானச் சலுகை வேண்டுமா, யூனிட் கூலி வேண்டுமா, ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொள் என்றனர். நல்ல ஏற்பாடு. ஆனால் 2012 மார்ச்சோடு தேய்மானச் சலுகையையும் குறைத்தனர். யூனிட் கூலியும் அத்தோடு தவணை முடிந்து நின்றது. முந்திய ஆண்டில் 3,000 மெகாவாட்டைத் தாண்டிய நிறுவல், அடுத்த ஆண்டில் 1,700 அளவுக்குச் சரிந்தது. மறு ஆண்டு யூனிட் கூலியை மீட்டனர். அதற்கும் மறு ஆண்டு, 2014-இல், தேய்மானச் சலுகையையும் மீட்டனர். 2017 ஏப்ரலில் அதை நாற்பது விழுக்காடாக்கினர். அமெரிக்கர் ஆடிய அதே தவணைக் கூத்து, டில்லி மேடையில்!

இதுவரை நூலும் நாமும் ஒரே அணி. இனித்தான் வழக்கு.

இவற்றையெல்லாம் 'வகுத்த முறையில் நேர்ந்த பிழை' என்று கொள்கிறது நூல். பிழை என்றால் அறியாமல் நேர்ந்தது என்று பொருள். நாம் கேட்கிறோம்: யாருக்குப் பிழை? தேய்மானச் சலுகை, மின்சாரம் வேண்டியவனுக்குப் பிழை. வரி தவிர்க்க வேண்டியவனுக்கு அது பிழையா, பேறா?

அமெரிக்கக் கார்களின் வரலாற்றைப் பாருங்கள். எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்குப் பின், 1975-இல் சட்டம் வந்தது. ஒரு காலன் எண்ணெயில் கார் இத்தனை மைல் ஓடியாக வேண்டும் என்று வரம்பு, 1985-க்குள் 27.5 மைல். நல்ல சட்டம், பயனும் தந்தது. ஆனால் சிறு சரக்கு வண்டிகளுக்குத் தனி வரம்பு, தளர்ந்த வரம்பு. ஏன்? உழவரும் தச்சரும் கொத்தனாரும் பிழைப்புக்கு ஓட்டும் வண்டியாயிற்றே என்ற இரக்கம்! இரக்கத்தை நாம் குறை கூறவில்லை. அந்த இரக்கத்தின் வாயில் வழியே நுழைந்தவர் யார்? ஆனை போன்ற உல்லாச வண்டிகள்! அவற்றையும் சரக்கு வண்டி என்றே பதிந்தனர். கிறைஸ்லர் நிறுவனத்தின் 'பி.டி. குரூஸர்' என்னும் வண்டி, பார்ப்பதற்குக் கார், ஓட்டுவதற்குக் கார், இருக்கையைக் கழற்றிவிட்டால் தளம் சமமாக இருப்பதால் சட்டத்தின் கண்ணுக்கு அது சரக்கு வண்டி! 1975-இல் விற்பனையில் ஐந்தில் ஒரு பங்காயிருந்த சரக்கு வண்டி வகை, முப்பதாண்டுக்குள் பாதியாயிற்று. காருக்கான வரம்போ, 1990 முதல் 2010 வரை இருபது ஆண்டு அதே 27.5-இல் உறங்கிற்று.

இதனைச் சட்டத்தில் விழுந்த ஓட்டை என்கின்றனர். எலி துளைத்த ஓட்டையாயின் மறுநாளே அடைத்திருப்பர். முப்பதாண்டு அடைபடாத ஓட்டைக்குப் பெயர் ஓட்டையா? வாயில்! அந்த வாயிலுக்குக் காவல் நின்றோர் இருந்தனர். கார் நிறுவனங்கள் நாடாளுமன்றத்துப் படிக்கட்டில் ஏறி இறங்கியது நாடறிந்த செய்தி. ஏழை உழவன் பெயரால் எழுதப்பட்ட விலக்கு, செல்வர் வீட்டுக் கொட்டகையில் போய் நின்றது. சலுகை எவர் பெயரில் எழுதப்படுகிறது, எவர் வீட்டில் போய் இறங்குகிறது என்ற இரு கேள்விகளையும் எந்தச் சட்டத்தின் மீதும் எழுப்பக் கற்றவர்கள் நாம். நூலாசிரியர், வகுக்கத் தெரிந்த நல்லவர் கையில் சட்டம் இருப்பதாகக் கொண்டே எழுதிச் செல்கிறார். பொறியாளர் தீட்டும் வரைபடம் போலச் சட்டத்தைக் கருதுகிறார். வரைபடத்தின் மீது யாருடைய முழங்கை ஊன்றியிருக்கிறது என்பதை நூல் போதிய அழுத்தத்தோடு கேட்கவில்லை.

அடுத்து, செலவை யார் தலையில் வைப்பது? ஜெர்மனிச் சட்டத்தைப் போற்றினோம். அதன் மறுபக்கத்தையும் காட்டாவிடில் நாமும் பாதி உண்மை பேசியவராவோம். கதிரொளி மின்சாரத்துக்குக் கொடுத்த கூடுதல் விலையை, மின்கட்டணத்தோடு ஒரு மிகைவரியாகத் தண்டினர். 2017-இல் யூனிட்டுக்கு ஏறத்தாழ ஏழு சென்ட். வாடகை வீட்டில் வாழும் தொழிலாளியும் கட்டினார்; ஓய்வூதியம் பெறும் மூதாட்டியும் கட்டினார். மின்சாரத்தை மலைபோல் விழுங்கும் பெருந்தொழிற்சாலைகள்? அயல்நாட்டுப் போட்டியைக் காரணம் காட்டிப் பெரும்பகுதி விலக்குப் பெற்றன! உலகுக்கே கதிரொளியை மலிவாக்கித் தந்த செலவில், ஜெர்மனி நாட்டு எளிய குடும்பங்களின் மின்கட்டணமும் சேர்ந்திருக்கிறது என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 2022 சூலையில்தான் அந்த மிகைவரியை நீக்கி, அரசின் கருவூலத்துக்கு மாற்றினர்.

பிரான்சு நாட்டில் நடந்ததோ இன்னும் கடிது. நூல் வெளிவந்த அதே 2018-இல், செல்வர்மீது இருந்த சொத்துவரியை அந்நாட்டு அரசு நீக்கி, நிலபுலத்துக்கு மட்டும் எனச் சுருக்கியது. அதே அரசு, கரிப்புகையைக் குறைக்கிறோம் என்று டீசல்மீது வரியை ஏற்றியது. 2019 சனவரியில் மேலும் ஏற்றுவதாக இருந்தது. நகரத்தில் வாடகை கட்ட இயலாமல் ஊர்ப்புறம் சென்று குடியேறி, நாள்தோறும் பழைய காரில் வேலைக்குச் செல்வோர் என்ன செய்வர்? 2018 நவம்பர் 17 அன்று மஞ்சள் சட்டை அணிந்து சாலை நடுவே நின்றனர். டிசம்பரில் அரசு பின்வாங்கியது. சூழலைக் காக்க வந்த வரியை மக்களே எதிர்த்தனர் என்று செய்தித்தாள்கள் வியந்தன. வியப்புக்கு என்ன இருக்கிறது? செல்வனின் சுமையை இறக்கிய கை, அதே கையால் எளியவன் தோளில் மூட்டையை ஏற்றுகையில், மூட்டையின்மேல் 'உலக நன்மை' என்று எழுதியிருப்பதைப் படிக்க அவனுக்கு ஓய்வேது?

கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 2008-இல் கரிவரி விதித்தபோது வேறு வழி கண்டது. டன்னுக்குப் பத்து டாலர் என்று தொடங்கி, ஆண்டுக்கு ஐந்தாக ஏற்றி, 2012-இல் முப்பது ஆக்கியது. வந்த பணத்தை வருமானவரிக் குறைப்பாகவும், வருவாய் குறைந்தோர்க்கு நேரடித் தொகையாகவும் திருப்பித் தந்தது. நூல் போற்றும் முறையில் வகுக்கப்பட்ட வரி. பின்னர் அந்நாட்டு ஒன்றிய அரசும் வரி விதித்து, குடும்பங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. ஆயினும் என்ன நேர்ந்தது? வரி எண்ணெய்க் கடையில் ஒவ்வொரு முறையும் கண்ணில் உறுத்திற்று. திருப்பித் தந்த பணமோ, தொடக்கத்தில் வருமானவரிக் கணக்கினுள் புதைந்து கிடந்தது. பின்னர் வங்கிக் கணக்கில் வந்தபோதும், பலருக்கு அது என்ன பணம் என்றே விளங்காத பெயரில் வந்து விழுந்தது. எதிர்க்கட்சி 'வரியை ஒழி' என்ற இரு சொல்லோடு ஊர் ஊராகச் சென்றது. 2025 ஏப்ரல் முதல் நாள், நுகர்வோர்மீதான கரிவரி ஒன்றிய அரசிலும் அம்மாநிலத்திலும் ஒருங்கே முடிந்தது. கணக்கு சரியாக இருந்தது. கணக்கை மக்களிடம் சொன்ன முறை சரியாக இல்லை. சட்டத்தை வகுப்பது போலவே, சட்டத்தைத் தெருவில் நின்று விளக்குவதும் வகுக்கப்பட வேண்டிய ஒன்று. அதற்கு நூலில் ஓர் அதிகாரம் இல்லாமற் போனது பெருங்குறை. மேடையும் துண்டறிக்கையும் படிப்பகமும் கொண்டு கருத்தைப் பரப்பிய மரபினர்க்கு இந்தக் குறை உடனே கண்ணில் படும்.

எளியோர்க்கு முதலில் பயன், பின்னர்ச் சுமை என்ற வழியும் உண்டு. நம் நாட்டில் எல்.இ.டி. விளக்கை ஒன்றிய அரசின் நிறுவனமே மொத்தமாக ஏலத்தில் வாங்கி மக்களுக்கு விற்றது. 2014-இல் விளக்கொன்று 310 ரூபாய்க்கு வாங்கியது, 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. கோடிக்கணக்கான வீடுகளில் மின்கட்டணம் குறைந்தது. எவரும் சாலை மறியல் செய்யவில்லை!

மூன்றாவது வழக்கு, உழைப்போரைப் பற்றியது. நூலின் அளவுகோல் டன். எந்தச் சட்டம் எத்தனை டன் கரியமிலவாயுவைக் குறைக்கும் என்று அளந்து காட்டுகிறது. தேவையான அளவுகோல்தான். ஆனால் சுரங்கத் தொழிலாளியின் வீட்டு அடுப்பை அந்த அளவுகோலால் அளக்க முடியாது. பிரிட்டனில் 1984-இல் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம், ஓராண்டு நீடித்து 1985 மார்ச்சில் முறியடிக்கப்பட்டது. அன்று சுரங்கங்களை மூடியோர் புவி வெப்பத்தைக் கருதியா மூடினர்? இல்லை. ஆயினும் மூடிய பின் அவ்வூர்களின் கதி என்னவாயிற்று என்பதை உலகம் கண்டது. அந்நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று நின்றபோது, டன் கணக்கில் அது வெற்றி. கைவிடப்பட்ட சுரங்க ஊர்களின் கணக்கில் எந்தப் பத்தியில் அதை எழுதுவது?

ஸ்பெயின் நாடு வேறு பாடம் தருகிறது. 2018 அக்டோபரில் அந்நாட்டு அரசு, சுரங்கங்களில் பெரும்பாலானவற்றை மூடு முன்னர், தொழிற்சங்கங்களை அழைத்து மேசைக்கு எதிரே அமர்த்தியது. 48 வயதைக் கடந்தோர்க்கு முன்கூட்டிய ஓய்வு, இளையோர்க்கு வேறு வேலைக்கான பயிற்சி, தோண்டிக் கெடுத்த நிலத்தைச் சீர் செய்யும் பணியில் அவர்களுக்கே முதலிடம் என்று 25 கோடி யூரோவுக்கு உடன்பாடு கண்டது. சங்கங்கள் ஏற்றுக் கையெழுத்திட்டன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டும் தோழர்களுக்கு இது கடல் கடந்த செய்தியன்று. அவர்கள் மேசை முன் அமர்த்தப்படுவது சுரங்கம் மூடும் முன்பா, பின்பா என்பது சட்டத்தை வகுப்போர் முடிவு செய்ய வேண்டிய செய்தி.

இன்னொன்றையும் குறித்துவிடுவோம். உலகக் கரிப்புகையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இருபது நாடுகளிலிருந்தே எழுகிறது. அந்த இருபதில் கருத்தூன்றினால் போதும் என்கிறது நூல். செயல் முறைக்கு ஏற்ற வாதம். ஆனால் நாடு என்னும் கூடையில் அள்ளிப் போட்டு நிறுத்தால், இந்தியா மூன்றாம் இடத்தில் வந்து நிற்கும். ஆள் கணக்கில் நிறுத்தால்? ஓர் அமெரிக்கர் ஆண்டுக்கு 14 டன் அளவில் கரியமிலவாயு எழுப்புகிறார். ஓர் இந்தியர் 2 டன் அளவில். ஒரே பட்டியலில் இருவரையும் அடுத்தடுத்து எழுதுகையில், இந்த வேற்றுமையைப் பக்கத்துக்குப் பக்கம் நினைவூட்டியிருக்க வேண்டும்.

நூலின் நடை தெளிவானது. படங்களும் அளவுகளும் பொருந்தி நிற்கின்றன. ஆங்கிலத்தில் கட்டணத்தையும் கழிவையும் ஒட்டிப் புதுச்சொல் ஒன்றை ஆக்கியிருக்கின்றனர். எண்ணெய் மிகுதியாகக் குடிக்கும் வண்டிக்குக் கட்டணம் விதித்து, அப்பணத்தைக் குறைவாகக் குடிக்கும் வண்டி வாங்குவோர்க்குக் கழிவாகத் தருவதாம். 'கட்டணக் கழிவு' என்று நாம் சொல்லிப் பார்த்தோம். நாவில் நன்றாகவே அமர்கிறது. இத்துறைச் சொற்கள் தமிழில் ஆகாவிடில், இவ்வாராய்ச்சி அதிகாரிகளின் மேசைக்கும் முதலாளிகளின் மேசைக்கும் இடையிலேயே நடந்து முடியும்.

அம்மேசையில் இப்போது கிடக்கும் ஒரு தாளைப் பற்றிச் சொல்லி நிறுத்துவோம். முப்பந்தலில் 1990-களில் நட்ட கம்பங்கள் மூப்படைந்து விட்டன. நாட்டிலேயே சிறந்த காற்று வீசும் இடத்தில், சிறிய, பழைய பொறிகள். அவற்றைப் பெயர்த்து, உயர்ந்த புதுப் பொறிகளை நிறுவினால், அதே நிலத்தில் பல மடங்கு மின்சாரம் கிடைக்கும். இதற்கெனத் தமிழ்நாடு அரசு 2024-இல் ஒரு கொள்கை வெளியிட்டது. தோழர்கள் அதனைத் தேடிப் படித்திட வேண்டும். புதுப் பொறிக்குச் சலுகை, நட்ட நாளைக் கொண்டா, தந்த யூனிட்டைக் கொண்டா? ஓரிரு கம்பம் மட்டும் உடைய சிறு உடைமையாளருக்கு அதில் இடம் உண்டா, அல்லது நிலத்தைப் பெருநிறுவனத்துக்கு விற்றுவிட்டு விலக வேண்டியதுதானா? கம்பத்தின் அடியில் ஆடு மேய்க்கும் ஊராருக்கு அந்த மின்சாரத்தில் ஒரு காசேனும் உண்டா? படிப்பகக் கூட்டமொன்றில் அதனை வரி வரியாகப் படித்து, இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை எந்தப் பத்தியில் இருக்கிறது என்று அடிக்கோடிட்டு எழுதி அனுப்புங்கள்.